குட்மேய்ஸ் ரயிலில் ஓர் எரிச்சல்

பொறாமைக்கு யாழ்ப்பாணத்தார் வைத்திருக்கும் பெயர் எரிச்சல். "அவளுக்கு என்னில எரிச்சல்" என்றால், என்னைக் கண்டு அவள் பொறாமைப்படுகிறாள் என்று அர்த்தம். பொருத்தமான பெயர்தான். நெஞ்சுக்குள் யாரோ அடுப்பு மூட்டியது போல இருக்கும். எத்தனை தம்ளர் தண்ணீர் குடித்தாலும் அணையாது. ஜெகதீஸ்வரி அந்த அடுப்பை முழுதாக அறிந்துகொண்டது தன் ஐம்பத்திரண்டாவது வயதில். அதற்கு விறகு எடுத்துக் கொடுத்ததும் அவள் கைதான்.

காலை ஆறு நாற்பத்திரண்டுக்கு குட்மேய்ஸ் நிலையத்தில் அவளைப் பார்க்கலாம். நடைமேடையின் மஞ்சள் கோட்டில் ஓரிடத்தில் ஒரு சிறு வெடிப்பு இருக்கிறது. அதற்கு நேர் எதிரேதான் ரயிலின் கதவு வந்து திறக்கும் என்பது அவளுக்குத் தெரியும். ஸ்ட்ராட்போர்ட்டில் இறங்கி ஜூபிலி ரயிலுக்கு மாறுவாள். அந்த வண்டி அங்கேதான் புறப்படுகிறது என்பதால் இருக்கை நிச்சயம். பிறகு ஐம்பது நிமிடம் உட்கார்ந்தபடி வெம்பிளி பார்க். அங்கிருந்து பத்து நிமிட நடையில் ஒரு பெரிய மேல்நிலைப் பள்ளி. அந்தப் பள்ளியில் அவள் கணித ஆசிரியை. இருபத்தொரு வருடமாக.

கணக்கு ரீச்சர் அல்லவா, ஒருநாள் ரயிலில் இருந்தபடியே கணக்குப் போட்டுப் பார்த்தாள். போக வர இரண்டரை மணி நேரம், வருடத்துக்கு நூற்றுத் தொண்ணூறு நாள், இருபத்தொரு வருடம். இரவு பகலாகச் சேர்த்தால் நானூற்றுப் பதினைந்து நாள். தன் வாழ்க்கையில் ஒரு வருடமும் ஐம்பது நாளும் ரயிலுக்குள்ளேயே கழிந்திருக்கிறது என்று கண்டபோது அவளுக்குத் துக்கம் வரவில்லை. அந்த நேரம் அவளுடையது. கணவன் ஞானேஸ்வரனுக்கு அதில் பங்கில்லை. அவர் பார்க்கிங் என்ற பக்கத்து ஊரில் இருக்கும் தன் மளிகைக் கடையைத் திறக்க விடிய முன்னரே போய்விடுவார். பதினைந்து வயது மகள் துஷ்யாவுக்கும் பங்கில்லை; அவள் அப்போது போர்வைக்குள் இருப்பாள். வண்டி சுரங்கத்துக்குள் போகும்வரை ஜெகதீஸ்வரி வீட்டை நினைப்பாள். ஃபிஞ்ச்லி ரோட்டில் வெளிச்சம் வந்ததும் பள்ளிக்கூடத்தை நினைக்கத் தொடங்குவாள். இடையில் இருக்கிற இருட்டில் தன்னை நினைப்பாள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு செப்டெம்பரில் அந்த இருட்டுக்குள் இன்னொருத்தி வந்து உட்கார்ந்தாள்.

அருள்மலர். பாளையங்கோட்டைக்காரி, முப்பத்தாறு வயது. ஊரில் பதினொரு வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள், கணவனையும் ஆறு வயது மகளையும் அங்கேயே விட்டுவிட்டு, ஒரு சூட்கேசோடு லண்டனுக்கு வந்திருந்தாள். தற்காலிக வேலை. இரண்டு வருடம் ஒரு மூத்த ஆசிரியையின் மேற்பார்வையில் இருக்க வேண்டும். அந்த மூத்த ஆசிரியை ஜெகதீஸ்வரிதான். தங்க இடமில்லாமல் தவித்தவளுக்கு குட்மேய்ஸில் தன் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, தனக்குத் தெரிந்த கனகாம்பிகை அக்காவின் வீட்டு மேல்மாடியில் அறை பிடித்துக் கொடுத்ததும் அவளேதான்.

முதல்நாள் காலையில் நடைமேடையில் நடந்த பேச்சு இருவருக்கும் நினைவிருக்கிறது.

"நீர் எத்தின மணிக்கு வெளிக்கிட்டனீர்?"

அருள்மலர் சிரித்துவிட்டாள். "மேடம், நீங்க 'நீர்'னு சொல்றப்ப எனக்கு ராஜா சபையில கைகட்டி நிக்கிற மாதிரியே இருக்கு."

"கைகட்டத் தேவையில்லை. முதலில கோட்டின்ர பொத்தானைப் பூட்டும். குளிர் நெஞ்சில பிடிக்கும்."

அப்படித்தான் தொடங்கியது. நல்லபடியாகத்தான் தொடங்கியது.

எரிச்சல் ஒரேயடியாக வரவில்லை. பொட்டுப் பொட்டாக வந்தது. முதலில், இடைவேளையில் அருள்மலரின் வகுப்பறையை விட்டுப் பிள்ளைகள் வெளியே போக மறுத்தார்கள். பிறகு, தாழ்வாரத்தில் அவளைக் கண்டால் கையை உயர்த்தித் தட்டிவிட்டுப் போனார்கள். ஜெகதீஸ்வரியைக் கண்டால் அதே பிள்ளைகள் சட்டையைக் காற்சட்டைக்குள் செருகினார்கள். மரியாதைதான். ஆனால் மரியாதை இவ்வளவு குளிராக இருக்கும் என்று அவள் அதுவரை நினைத்ததில்லை.

பெற்றோர் சந்திப்பு நாளில் அவள் மேசைக்கு முன்னால் நான்கு பேர். அருள்மலரின் மேசைக்கு முன்னால் வரிசை கதவைத் தாண்டிப் போனது. அந்த நான்கு பேரில் ஒருவர் பிலோமினம்மா. பாரிசில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு வந்து வெம்பிளியில் தையல் கடை வைத்திருப்பவர். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர், குரலைத் தாழ்த்தினார்.

"ரீச்சர், குறை நினைக்காதேங்கோ. நீங்கள் எங்கட ஆள் எண்டபடியால் உரிமையோட கேக்கிறன்."

"சொல்லுங்கோ, என்ன?"

"என்ர மகளை அந்த இந்தியா மிஸ்சின்ர வகுப்புக்கு மாத்த ஏலுமோ?"

ஜெகதீஸ்வரி சிரித்தாள். அந்தச் சிரிப்பு முகத்தில் ஒட்டவைத்த ஸ்டிக்கர் போல மாலைவரைக்கும் அப்படியே இருந்தது. ரயிலில் அருள்மலர், "இன்னைக்கு ரொம்ப களைப்பு மேடம், பேசிப் பேசித் தொண்டை போச்சு" என்றபோது, "கன பேரோட கதைச்சா அப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்தோடு நின்றிருந்தால் அதுவும் ஆறிப் போயிருக்கும். வீட்டுக்குள்ளும் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அருள்மலரை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். குசினியில் கத்தரிக்காய் பொரிந்துகொண்டிருந்தது. மேசையில் துஷ்யா கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு பென்சிலைக் கடித்தபடி இருந்தாள். கணக்கு ரீச்சரின் மகளுக்குக் கணக்கு ஓடாது. அது அந்த வீட்டின் பழைய காயம். அருள்மலர் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டாள்.

"ரெண்டு நம்பர் ஒளிஞ்சிட்டு இருக்கு, துஷ்யா. பெருக்கினா பன்னிரண்டு வருது. கூட்டினா ஏழு வருது. யாரு அந்த ரெண்டு பேரு? பிடி பாக்கலாம்."

"ஆறும் ரெண்டும்... நோ, அது எட்டு. வெயிட், வெயிட். மூண்டும் நாலும்!"

"பிடிச்சிட்டியே!"

துஷ்யா கைதட்டிச் சிரித்தாள். அடுப்படியில் ஜெகதீஸ்வரி அகப்பையோடு திரும்பி நின்றாள். இதே கணக்கு. இதே மூன்று, இதே நான்கு. போன கிழமை ஆறு தரம் சொல்லிக் கொடுத்தாள். ஆறாவது தரம் துஷ்யா கொப்பியை மூடிவிட்டுப் படியேறிப் போனாள்.

"நான் சொன்னதும் அதுதானே, துஷ்யா?"

"அம்மா, நீங்கள் சொன்னா அது டெஸ்ட் மாதிரி இருக்கு. மலர் அக்கா சொன்னா கேம் மாதிரி இருக்கு. சாரி, பட் இட்ஸ் ட்ரூ."

பேப்பருக்குப் பின்னாலிருந்து ஞானேஸ்வரன் தன் பங்கைச் சேர்த்தார். "ஊர்ப் பிள்ளையளுக்கெல்லாம் ரீச்சர். வீட்டில அவவுக்குப் பதிலா ஒரு சப்ளை ரீச்சர் வந்திட்டா!"

எல்லோரும் சிரித்தார்கள். அருள்மலர்கூட. கத்தரிக்காய் கருகிவிட்டது. அன்றைக்கு அந்த வீட்டில் கருகியது கத்தரிக்காய் மட்டும்தானா? பெற்ற வயிறு இருக்கிறதே, அது எதை வேண்டுமானாலும் பங்கு போடும். பிள்ளையின் சிரிப்பை மட்டும் பங்கு போட அதற்குத் தெரியாது. அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் துஷ்யா மலர் அக்காவுக்காகக் கொப்பியோடு காத்திருந்தாள். ஜெகதீஸ்வரி தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, மேலே போய் மடித்த துணிகளை மறுபடி மடித்தாள்.

இப்படியிருக்கையில்தான் ஜூன் மாதம் வந்தது. ஒரு திங்கட்கிழமை துணை அதிபர் ஜெகதீஸ்வரியைத் தன் அறைக்கு அழைத்தார். அருள்மலரின் இரண்டு வருடமும் ஜூலையோடு முடிகிறது. ஒரு நிரந்தர இடம் இருக்கிறது. கொடுப்பதா, வேண்டாமா?

"இருபத்தொரு வருட அனுபவம் உங்களுடையது. வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் உங்கள் அறிக்கையை அனுப்புங்கள். நீங்கள் என்ன எழுதுகிறீர்களோ, அதுதான் முடிவு" என்றார்.

இடம் கிடைத்தால் அருள்மலர் கணவனையும் குழந்தையையும் அழைத்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் வேலையோடு விசாவும் போய்விடும். அதே சூட்கேசோடு திரும்ப வேண்டியதுதான். அது ஜெகதீஸ்வரிக்கு நன்றாகத் தெரியும். ரயிலில் இரண்டு வருடமாகக் கேட்ட கதை.

செவ்வாய்க்கிழமை அருள்மலரின் வகுப்பின் பின்வரிசையில் போய் உட்கார்ந்தாள். முப்பது பிள்ளைகள். ஐந்து நிமிடத்தில் தான் எதற்கு வந்தோம் என்பதை மறந்து, தானும் விடையைத் தேடிக்கொண்டிருப்பதைக் கண்டு திடுக்கிட்டாள். அப்படி ஒரு பாடம். மணியடித்தபோது ஒரு பிள்ளைகூட எழுந்திருக்கவில்லை. அடுப்பு குப்பென்று எரிந்தது.

அன்று மாலை ஆசிரியர் அறையில் அறிக்கையை எழுதினாள். "வகுப்பில் மகிழ்ச்சி இருக்கிறது. ஆனால் கட்டுப்பாடு போதாது. இன்னும் சில காலம் பார்த்த பிறகு முடிவெடுப்பது நல்லது." மூன்று வசனம். பொய் என்று யாரும் சொல்ல முடியாது. உண்மை என்று அவளாலும் சொல்ல முடியாது. அனுப்பாமல் சேமித்துவைத்துவிட்டு மடிக்கணினியை மூடினாள்.

புதன்கிழமை திரும்பி வரும்போது, ஸ்ட்ராட்போர்ட்டில் வண்டி மாறி உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். நித்திரை இல்லை. அருள்மலரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். அருள்மலர் அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்து ஊரிலிருக்கும் தங்கையோடு போனில் பேசத் தொடங்கினாள். ரயிலின் இரைச்சலுக்குள் பேச்சு துண்டு துண்டாகக் காதில் விழுந்தது.

"...இல்ல ட்டி, நம்ம ஜெகதீஸ்வரி மேடம்தான்... ரெண்டு வருஷமா கூடவே இருந்து பாக்குறேன்ல... ஒரே எரிச்சலா இருக்கு ட்டி எனக்கு..."

இல்போர்ட் வருகிறது என்று அறிவிப்பு வந்து மிச்சத்தை விழுங்கிவிட்டது.

மூடிய கண்ணுக்குள் ஜெகதீஸ்வரி விழித்துக்கொண்டாள். எரிச்சலா? இவளுக்கா? என்னிலையா!

ஏன் இருக்காது? சொந்த வீடு இருக்கிறது. கணவன் பக்கத்தில் இருக்கிறார். மகள் மேல்மாடியில் இருக்கிறாள், கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாலும் அதே கூரைக்குக் கீழேதான் இருக்கிறாள். நிரந்தர வேலை, இருபத்தொரு வருடப் பெயர். பாவம், இந்தப் பிள்ளை இத்தனை நாளும் சிரித்துச் சிரித்துக்கொண்டே உள்ளுக்குள் வெந்திருக்கிறாள்! நினைக்க நினைக்க ஜெகதீஸ்வரியின் நெஞ்சு குளிர்ந்தது. எரிகிற அடுப்பை யாரோ தூக்கி எதிர் இருக்கையில் வைத்துவிட்டார்கள். குட்மேய்ஸில் இறங்கும்போது அருள்மலரின் தோளைத் தட்டிக் கொடுத்தாள். வீட்டுக்குப் போனதும் இறால் குழம்பு வைத்து, ஒரு டப்பாவில் போட்டு, தானே இரண்டு தெரு நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

"என்ன ரீச்சர், இண்டைக்கு ஒரே சந்தோசம்?" என்று கேட்டார் ஞானேஸ்வரன்.

"ஏன், நான் சந்தோசமா இருக்கக்கூடாதோ?"

"இருங்கோ, இருங்கோ. பழக்கமில்லாததால கேட்டனான்."

வியாழக்கிழமை இடைவேளையில் அந்த மூன்று வசனத்தையும் அழித்தாள். விரல்கள் தாமாகவே ஓடின. "இந்த இரண்டு வருடத்தில் இந்தப் பள்ளியில் நான் பார்த்த பாடங்களுள் செவ்வாய்க்கிழமைப் பாடமே சிறந்தது. என் பாடங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இவரை இழப்பது பிள்ளைகளுக்குப் பெரிய நட்டம்." எழுதியதை வாசித்தபோது தன் பெருந்தன்மையைக் கண்டு அவளுக்கே கண் கலங்கியது. நாளைக்கு ஒரு தரம் எழுத்துப்பிழை பார்த்துவிட்டு அனுப்பலாம் என்று சேமித்துவைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை. வழக்கமான வெடிப்பு, வழக்கமான கதவு, பிறகு ஜூபிலி வண்டி. எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெரிய மனிதர் காதில் எதுவும் மாட்டாமல் போனில் காற்பந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதன் சத்தம் பெட்டி முழுவதும் கேட்டது.

"ச்சே! ஒரே எரிச்சலா இருக்கு மேடம்" என்றாள் அருள்மலர்.

ஜெகதீஸ்வரி திரும்பினாள். "ஆரில?"

"அந்த ஆளு மேலதான்."

ஜெகதீஸ்வரி அந்த மனிதரை மேலும் கீழுமாகப் பார்த்தாள். கசங்கிய கோட்டு, தேய்ந்த சப்பாத்து. "அவரில உமக்கென்ன எரிச்சல்? அவரிட்ட அப்பிடி என்ன கிடக்கு?"

"என்ன கிடக்கா? சத்தம்தான் கிடக்கு! காலங்காத்தால கடுப்பேத்துறாரு. தாங்க முடியல."

"எரிச்சல் எண்டா... உங்கட ஊரில கடுப்போ?"

"ஆமா மேடம். கோபம், கடுப்பு, பொறுக்க முடியாம வர்ற அது. ஏன், உங்க ஊர்ல வேற அர்த்தமா?"

"சீச்சீ. எங்கட ஊரிலையும் அதுதான்" என்றாள் ஜெகதீஸ்வரி.

வண்டி சுரங்கத்துக்குள் நுழைந்தது.

இருட்டில் புதன்கிழமைப் பேச்சு திரும்ப ஓடியது. ரெண்டு வருஷமா கூடவே இருந்து பாக்குறேன். ஒரே எரிச்சலா இருக்கு. ஆக, பொறாமை இல்லை. என்னைப் பொறுக்க முடியவில்லை அவளுக்கு! இந்தக் காற்பந்துக்காரரும் நானும் அவளுக்கு ஒன்று! அறை பிடித்துக் கொடுத்தவளை. இறால் குழம்பைச் சுடச்சுடத் தூக்கிக்கொண்டு போனவளை. பெற்ற மகளை ஞாயிற்றுக்கிழமைகளில் விட்டுக்கொடுத்தவளை! குளிர்ந்திருந்த அடுப்பு, முன்னைவிட இரண்டு மடங்காக எரிந்தது. பிறர் பொறாமைப்படத் தன்னிடமும் ஏதோ இருக்கிறது என்று ஒன்றரை நாள் நினைத்துச் சுகப்பட்டாளே, அதையும் அருள்மலர் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

மதிய இடைவேளையில் கதவைச் சாத்திக்கொண்டு அறிக்கையைத் திறந்தாள். வியாழக்கிழமை எழுதியதை ஓர் எழுத்து மிச்சமில்லாமல் அழித்தாள். செவ்வாய்க்கிழமையின் மூன்று வசனங்களையும் அப்படியே திரும்ப எழுதினாள். மணி ஒன்று பத்து. அனுப்பும் பொத்தானின் மேல் சுட்டியைக் கொண்டுபோய் வைத்தாள்.

அப்படி என்ன செய்துவிட்டேன் அவளுக்கு? அதை மட்டும் அறிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. இரண்டு வருடமாக ரயிலில் தான் பேசியதையெல்லாம் நினைத்துப் பார்த்தாள். கோட்டைப் பூட்டும். அந்தப் படத்துக்கு அளவுகோல் பிடிக்க வேணும். இப்பிடிச் சிரிச்சா பிள்ளையள் தலையில ஏறி இருப்பாங்கள். மைனஸ் குறியை விட்டிட்டீர். போர்ட்டை மேலயிருந்து கீழ அழிக்கோணும். நினைக்க நினைக்க வந்துகொண்டே இருந்தது. எல்லாம் சரியான புத்திமதிகள்தான். ஆனால் எவ்வளவு தேடியும், 'நல்லாயிருந்தது' என்று ஒரு நாள் சொன்னதாக நினைவு வரவில்லை. இரண்டு வருடத்தில் ஒரு நாள். இல்லை.

அப்போது அவளுக்கு இன்னொரு அறிக்கை ஞாபகம் வந்தது.

இருபத்தொரு வருடத்துக்கு முன் இவளும் இப்படித்தான் புதிதாக வந்தாள். பகலில் பயிற்சி, மாலையில் பார்க்கிங்கில் ஒரு கடையில் காசாளர் வேலை. அவளை மேற்பார்வை செய்தது ஒரு வெள்ளைக்கார அம்மா. வருடம் முழுவதும் உயிரைக் கொடுத்து உழைத்த பிறகு, அந்த அம்மா எழுதிக் கொடுத்த தாளில் ஒரே ஒரு சொல் இருந்தது: 'திருப்தி.' 'நன்று' என்பதற்கும் ஒரு படி கீழே. அதைப் பஸ்ஸின் மேல்தட்டில் இருந்து வாசித்துவிட்டு, வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தாள். வேலை கிடைத்தது. ஆனாலும் அழுதாள். இன்றுவரை எந்தப் பிள்ளையின் கொப்பியிலும் அந்தச் சொல்லை அவள் எழுதியதில்லை. மூன்றில் ஒரு பங்கு சரியாகச் செய்த பிள்ளைக்கும் வேறு ஏதாவது சொல் தேடித்தான் எழுதுவாள்.

அந்தக் கைதான் இப்போது பொத்தானின் மேல் இருந்தது. அனுப்பாமல் எடுத்துக்கொண்டாள்.

பிற்பகல் இரண்டு வகுப்பும் எப்படி முடிந்தன என்று அவளுக்குத் தெரியாது. மூன்றரைக்குத் திரும்பி வந்து மறுபடி திறந்தாள். வியாழக்கிழமை எழுதியது ஒவ்வொரு சொல்லாக நினைவிருந்தது. அருள்மலரின் எரிச்சலைத் தனக்குக் கிடைத்த புகழ்ச்சி என்று நினைத்து எழுதியதுதான். ஆனால் செவ்வாய்க்கிழமை அந்தப் பின்வரிசையில் தானும் விடை தேடிக்கொண்டிருந்தது பொய்யா? புகழ்ச்சி போய்விட்டது, பாடம் அப்படியேதான் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். 'என் பாடங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்' என்ற இடத்தில் விரல் நின்றது. அந்த வசனம் மட்டும் இல்லாவிட்டால் என்ன? இரண்டு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதையும் எழுதினாள். மூன்று ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினாள். இந்தத் தரம் கண் கலங்கவில்லை. நெஞ்சு எரிந்தது, அவ்வளவுதான்.

மாலை ரயிலில் இருவரும் அருகருகே உட்கார்ந்தார்கள். நீஸ்டன் போனது, வில்லெஸ்டன் கிரீன் போனது. இன்றைக்கு அறிக்கை போகும் நாள் என்று அருள்மலருக்கும் தெரியும். கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"அருள்மலர்."

"சொல்லுங்க மேடம்."

"எனக்கு உம்மில எரிச்சல்."

அருள்மலரின் முகம் வெளிறிப் போனது. "சாரி மேடம். எனக்குத் தெரியும், நான் ரொம்பப் பேசுறேன். ட்ரெயின்ல போன் வேற சத்தமா பேசுறேன். உங்களுக்குத் தொந்தரவா இருந்தா நான் வேணா திங்கக்கிழமையிலேருந்து அடுத்த பெட்டியில..."

"ஐயோ, இல்லை! உங்கட ஊர் எரிச்சல் இல்லை. எங்கட ஊர் எரிச்சல்."

"அப்படின்னா?"

இருபத்தொரு வருடம் எத்தனையோ கடினமான பாடங்களை நடத்தியவள். இந்த ஒரு சொல்லின் பொருளைச் சொல்ல நாக்கு எழவில்லை. சொல்லித்தான் ஆக வேண்டும் என்று அவள் வாயைத் திறந்த நேரம், வண்டி ஃபிஞ்ச்லி ரோட்டைத் தாண்டிச் சுரங்கத்துக்குள் இரைந்துகொண்டு பாய்ந்தது.

"பொறாமை."

"என்ன மேடம்? கேக்கல!"

"பொறாமை!"

"சத்தமா சொல்லுங்க மேடம்!"

"பொறாமை! பொறாமை! எனக்கு உம்மில பொறாமை!"

மூன்று இருக்கை தள்ளி, கோட்டும் டையுமாக இருந்த ஒருவர் சட்டென்று தலையை நிமிர்த்தினார். தமிழர் என்பது அந்த நிமிர்விலேயே தெரிந்தது. பிறகு மிகுந்த மரியாதையோடு தன் போனுக்குள் குனிந்துகொண்டார்.

அருள்மலர் வாய் திறந்தபடி இருந்தாள். "என் மேலயா? என்கிட்ட என்ன மேடம் இருக்கு? ஒரு ரூம், ஒரு சூட்கேஸ்."

"ஞாயிற்றுக்கிழமையில உம்மட்ட என்ர மகள் இருக்கிறாள்." ஜெகதீஸ்வரி அவள் பக்கம் திரும்பினாள். "நான் ஆறு தரம் சொன்னது அவளுக்கு விளங்கேல்லை. நீர் ஒருக்காச் சொன்னது விளங்கீற்று. உம்மோட சிரிச்சமாதிரி அவள் என்னோட சிரிச்சு எத்தின வருசம் தெரியுமோ?"

அருள்மலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "என் பொண்ணுக்கு நான் வீடியோவுல ஹோம்வொர்க் சொல்லிக் குடுத்தா, கேமராவ அணைச்சிடறா மேடம். 'அப்பா சொல்லித் தரட்டும், நீ வேணாம்'ங்கிறா. துஷ்யா பக்கத்துல உக்காரும்போது ஒரு மணி நேரம் நான் அம்மாவா இருக்கேன். அதான் ஞாயித்துக்கிழமை ஆனா ஓடி வந்துடறேன். உங்களுக்கு வலிக்கும்னு தோணவே இல்ல."

இரண்டு தாய்மார். இருவரின் பிள்ளைகளுக்கும் தங்கள் அம்மாவிடம் கணக்குப் படிக்கப் பிடிக்கவில்லை. ஜெகதீஸ்வரி கைப்பைக்குள் துழாவி ஒரு திசுத்தாளை எடுத்து, பாதியாகக் கிழித்து, ஒரு பாதியை நீட்டினாள்.

"புதன்கிழமை நான் நித்திரை கொள்ளேல்லை" என்றாள்.

அருள்மலர் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ! எல்லாம் கேட்டுட்டீங்களா?"

"எரிச்சல் மட்டும் கேட்டது. மிச்சத்தை இல்போர்ட் விழுங்கீட்டுது."

"ரெண்டு வருஷத்துல ஒரு தடவைகூட நல்லாயிருக்குன்னு சொல்லலையேன்னுதான் மேடம் தங்கச்சிட்ட புலம்பினேன். வேற ஒண்ணுமே இல்ல. மறுநிமிஷமே உங்களைப் பெருமையாத்தான் பேசினேன்."

"நீர் வடிவாப் படிப்பிக்கிறீர்."

"வடிவான்னா? அழகாவா?"

"எங்கட ஊரில ஒழுங்கா, திறமா எண்டு அர்த்தம்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "அழகு எண்டும் வைச்சுக்கொள்ளும். ரெண்டும் சரிதான்."

ஸ்ட்ராட்போர்ட்டில் இறங்கியதும் ஜெகதீஸ்வரியின் போன் சிணுங்கியது. துணை அதிபரிடமிருந்து இரண்டு வரி: "அறிக்கைக்கு நன்றி. நிரந்தர இடத்துக்கு இதற்கு மேல் எனக்கு வேறொன்றும் தேவையில்லை. திங்கட்கிழமை அவரிடம் சொல்கிறேன்." அவள் அதை இரண்டு தரம் வாசித்தாள்.

"திங்கட்கிழமை உம்மைக் கூப்பிடுவினம். நான் இப்ப ஒண்டும் சொல்லக்கூடாது" என்றாள். "ஆனா உம்மட மனுசனுக்குப் போன் எடுத்து, லண்டனுக்கு ரண்டு பிளேன் ரிக்கற் என்ன விலையெண்டு சும்மா பாத்து வைக்கச் சொல்லும்."

அருள்மலருக்கு அது விளங்க ஒரு கணம் ஆனது. விளங்கியதும், வேலை முடிந்து வீடு திரும்பும் ஆயிரம் பேர் நடுவில், அந்த நடைமேடையிலேயே அவளைக் கட்டிக்கொண்டு விம்மினாள். சனம் இருபுறமும் ஒதுங்கிப் போனது. அடுத்த வண்டியைத் தவறவிட்டார்கள். அதற்கடுத்ததையும்.

குட்மேய்ஸில் இறங்கியபோது ஜெகதீஸ்வரியின் போனில் துஷ்யாவின் செய்தி வந்திருந்தது. 'அம்மா, மலர் அக்கா சண்டே வருவாவோ? ஐ நீட் ஹர்.'

அம்மா சாப்பிட்டீங்களா என்றில்லை. எத்தனை மணிக்கு வருவீர்கள் என்றில்லை. சுருக்கென்றது. அடுப்பு அணையவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள், தணிந்துதான் இருந்தது. அவள் போனைக் கைப்பைக்குள் போட்டாள்.

"ஞாயிற்றுக்கிழமை வாரும், அருள்மலர். உம்மட மாணவி கேக்கிறாள்."

"வரட்டுமா மேடம்? நிஜமாவா?"

"வாரும். ஆனா கொஞ்சம் சத்தமாப் படிப்பியும். இந்த முறை நான் மேல போகமாட்டன். குசினியில நிண்டு கேக்கப்போறன். டெஸ்ட் எப்பிடிக் கேம் ஆகுதெண்டு எனக்கும் தெரியோணும்."

அருள்மலர் சிரித்தாள். "அப்ப கடைசியில உங்களுக்கும் சேத்து மார்க் போடுவேன், பரவால்லையா?"

"போடும்" என்றாள் ஜெகதீஸ்வரி, கோட்டின் பொத்தானைப் பூட்டியபடி. "ஆனா ஒண்டு. 'திருப்தி' எண்டு மட்டும் எழுதிப்போடாதையும்."